கொள்ளைநோயும் வறுமையும்

காலன் அரசனென்றும் ஆண்டியென்றும் பாரான் என்று நம் பெரியோர் சொல்வர். பிறந்தோர் எல்லாரும் ஒருநாள் இறப்பர் என்ற அளவில் இஃது உண்மையே. ஆயினும், கொள்ளைநோய்களின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்போமாயின், காலனுடைய ஏட்டிலும் செல்வர்க்கு ஒரு பக்கமும் வறியோர்க்கு வேறொரு பக்கமும் இருப்பது புலனாகும். கிருமி ஒன்றே, காலமும் ஒன்றே. எனினும் ஒரு நாட்டில் ஆயிரவருள் இருவரையும், இன்னொரு நாட்டில் ஆயிரவருள் நாற்பத்து நால்வரையும் அது கொண்டுபோயிருக்கின்றது. இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1918ஆம் ஆண்டுப் பெருநோய்

முதலாம் உலகப்போர் முடியுந் தறுவாயில், 1918ஆம் ஆண்டிலே, இன்புளுவென்சா என்னும் சளிச்சுரம் உலகெங்கும் பரவிற்று. அதற்கு ‘ஸ்பானியக் காய்ச்சல்’ என்று பெயரிட்டனர். போரில் ஈடுபட்ட நாடுகள் தம் பத்திரிகைகளைத் தணிக்கை செய்தன. நடுநிலை வகித்த ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகைகளோ நோய்ச்செய்தியை மறையாது வெளியிட்டன. உள்ளதைச் சொன்ன நாட்டின் தலையிலேயே பழி வந்து விழுந்தது.

அந்நோயால் உலகில் இறந்தோர் ஏறக்குறைய 5 கோடி என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடு. அதனிற் குறைத்தும் கூட்டியும் கணித்தோர் உளர். வழக்கமான சளிச்சுரம் குழந்தைகளையும் முதியோரையும் வருத்தும். இதுவோ இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடைப்பட்ட திடகாத்திரரையும் பெருந்தொகையாக வீழ்த்தியது. உழைத்து உணவு தேடும் கைகளே ஓய்ந்துபோயின.

2006ஆம் ஆண்டில் கிறிஸ்தோபர் மறே என்பாரும் அவருடைய தோழரும் ‘லான்செற்’ என்னும் மருத்துவச் சஞ்சிகையில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மரணப் பதிவுகள் ஓரளவு ஒழுங்காக இருந்த நாடுகளையும் மாகாணங்களையும் எடுத்து, வழக்கமான ஆண்டுகளை விட 1918 முதல் 1920 வரை எத்தனை மரணங்கள் மிகுதியாய் நிகழ்ந்தன என்று அவர்கள் கணக்கிட்டனர். டென்மார்க்கில் இம்மிகுதி ஆயிரவருக்கு 2 பேர். இந்தியாவிலோ ஆயிரவருக்கு 44 பேர். இருபது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு! நாடுகளுக்கிடையேயான இவ்வேறுபாட்டின் பெரும் பங்கைத் தலைக்குரிய வருமானம் என்ற ஒரே அளவுகோல் விளக்கிவிடுகின்றது என்பது அவர்கள் கண்ட முடிபு.

மருந்தா காரணம்?

செல்வ நாடுகளில் நல்ல மருந்து உண்டு, வறிய நாடுகளில் இல்லை, ஆகவே இவ்வேறுபாடு உண்டாயிற்று என்று உடனே விடை கூறத் தோன்றும். ஆனால் 1918ஆம் ஆண்டைப் பொறுத்தவரை அவ்விடை பொருந்தாது. மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சா வைரசு கண்டுபிடிக்கப்பட்டதே 1933ஆம் ஆண்டிலேதான். அதற்குத் தடுப்பூசி 1940ஆம் ஆண்டுகளில் வந்தது. இந்நோயைத் தொடர்ந்து நுரையீரலைப் பற்றும் நிமோனியாவே பலரைக் கொன்றது. அதனைத் தணிக்கும் பெனிசிலின் 1928ஆம் ஆண்டிற்றான் கண்டுபிடிக்கப்பட்டது; மக்களுக்குப் பயன்பட மேலும் பல ஆண்டுகள் சென்றன. ஆகவே 1918இல் கொப்பன்கேகன் நகரத்து வைத்தியரின் கையிலும் நாகபுரி வைத்தியரின் கையிலும் நோயை மாற்றும் மருந்து கிடையாது. மருந்தின்மையில் எல்லா நாடுகளும் சமமாகவே நின்றன. அச்சமநிலையிலும் இருபது மடங்கு வேறுபாடு தோன்றிற்றென்றால், அதன் காரணத்தை மருந்துப் பெட்டிக்கு வெளியே தேடவேண்டியிருக்கின்றது.

இவ்விடத்து நம் வள்ளுவர் நமக்கு வழிகாட்டுகின்றார். மருந்து என்னும் அதிகாரத்திலே அவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன். 1918இல் மருந்து இல்லை. வைத்தியர் இருந்தும் செய்யத்தக்கது சிறிதே. எஞ்சியவை இரண்டு: நோய் வருமுன் நோயாளியின் உடல் எந்நிலையில் இருந்தது என்பதும், நோய் வந்தபின் அவனுக்குத் தண்ணீரும் கஞ்சியும் கம்பளியும் கொடுக்க ஆளிருந்ததா என்பதும். இவ்விரண்டையுமே வறுமை பறித்துக்கொண்டது.

இந்தியா பட்ட பாடு

1918 யூன் மாதத்திலே பம்பாய்த் துறைமுகத்திற் காவல்புரிந்த பொலிசார் சிலர் காய்ச்சலிற் படுத்தனர். முதல் அலை ஓரளவு எளிதாய்க் கழிந்தது. செத்தெம்பரில் எழுந்த இரண்டாம் அலையே கொடியது. ஒற்றோபர் 6ஆந் தேதி ஒருநாளில் மாத்திரம் பம்பாய் நகரில் 768 பேர் இறந்தனர். பின்னர் புகையிரதப் பாதைகள் வழியாக நோய் உள்நாட்டுக்குச் சென்றது.

அவ்வாண்டிலேயே இந்தியாவிற் பருவமழை பொய்த்தது. பயிர் கருகிற்று, தானிய விலை ஏறிற்று. போரின் பொருட்டுத் தானியம் கப்பலேறியது; வைத்தியர் பலரும் படைகளோடு கடல்கடந்து போயிருந்தனர். மலேரியாவாலும் கொளுக்கிப்புழுவாலும் முன்னரே இரத்தஞ் சுண்டியிருந்த உடல்களுக்கு அரைவயிற்று உணவும் கிடைக்காத வேளையிலே இன்புளுவென்சா வந்தது. ஒரு குடும்பத்தில் எல்லாரும் ஒரேநாளிற் படுத்துவிட்டால், கிணற்றிலிருந்து ஒரு குடந் தண்ணீர் கொண்டுவர யார் உளர்? நோயினால் இறந்தவர்களோடு, தாகத்தாலும் பசியாலும் கவனிப்பாரின்றியும் இறந்தவர்களையும் அந்நோயின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. உலகின் பல நாடுகளில் அந்நோய் ஆண்களையே மிகுதியாகக் கொன்றது. இந்தியாவிலோ பெண்கள் மிகுதியாய் இறந்தனர். வீட்டில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்டவள் அவள். நோயாளிகளுக்கெல்லாம் பணிசெய்தவளும் அவளே. அவள் படுத்தபோது அவளுக்குப் பணிசெய்ய யாரும் எஞ்சவில்லை. வறுமை நாடுகளுக்கிடையே மாத்திரமன்றி ஒரு கூரையின் கீழும் பங்கிடப்பட்டிருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அக்காலத்து இந்தியாவில் இறந்தோர் 1 கோடி 20 இலட்சம் முதல் 2 கோடி வரை என ஆய்வாளர் பலவாறு கணிப்பர். இற்றை இந்திய எல்லைக்குட்பட்ட சனத்தொகை 1911இல் 25 கோடி 21 இலட்சமாயிருந்து 1921இல் 25 கோடி 13 இலட்சமாகக் குறைந்தது. குடிசன மதிப்பு எடுக்கத் தொடங்கிய பின் அந்நாட்டின் சனத்தொகை குறைந்த பத்தாண்டு அஃது ஒன்றே.

ஒரு நகரத்துள்ளே

நாட்டுக்கு நாடு காலநிலை வேறு, கிருமி சேர்ந்த காலம் வேறு, ஆகவே ஒப்பிடல் சரியன்று என்று சிலர் தடை கூறலாம். அத்தடைக்கு விடை பம்பாய் நகரத்தின் மரணப் பதிவேட்டிலேயே கிடைக்கின்றது. அங்கே ஆயிரவருக்கு இறந்தோர்: ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9.0, சாதியிந்துக்கள் 18.9, தாழ்ந்த சாதியினர் என்று அரசினர் பதிவு செய்த மக்கள் 61.6. நகரம் ஒன்று, வெயில் ஒன்று, வாரங்களும் அவையே. ஐரோப்பியன் காற்றோட்டமுள்ள மாளிகையில், பணியாட்கள் சூழப் படுத்தான். மில்லிலும் தெருவிலும் உழைத்தவன், பலர் நெருங்கி உறங்கிய ஒற்றை அறையிற் படுத்தான். வேலைக்குப் போகாத நாளில் அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கிருமி சாதி அறியாது. ஆனால், ஒரு சாதிக்கு நாம் எவ்வளவு இடம், எவ்வளவு நீர், எவ்வளவு சோறு ஒதுக்கினோம் என்பதை அது நம்மினும் திருத்தமாக அளந்து காட்டிவிட்டது.

ஐரோப்பாவிலும் இவ்விதி மாறவில்லை. நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோ அக்காலத்திற் கிறிஸ்தியானியா எனப்பட்டது. செல்வர் வாழ்ந்த புறொக்னர்ப் பகுதியையும் தொழிலாளர் வாழ்ந்த குறோன்லாந்துப் பகுதியையும் மாமெலுண்டு என்ற நோர்வே ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். தொழிலாளர் பகுதியிலேதான் மரணம் மிகுந்தது. வீட்டிலுள்ள அறைகள் குறையக் குறைய ஆபத்துக் கூடிற்று. அதுவரை, இன்புளுவென்சா செல்வரையும் வறியோரையும் ஒப்பத் தாக்கும் நோய் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. பதிவேடுகள் அவ்வெண்ணத்தைத் தகர்த்தன.

இரு சமோவாக்கள்

அப்படியாயின் செல்வமே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றது என்று முடித்துவிடலாமா? கூடாது. வறுமையில் ஒத்த மாகாணங்களிடையேயும் வேறுபாடு இருந்தது. இந்தியாவின் மேற்கும் நடுவும் பட்ட அளவுக்கு வங்காளம் அப்போது படவில்லை. நோய் வந்த காலமும் மழையும் வழியும் தத்தம் பங்கைச் செய்தன. இவற்றோடு அரசாங்கத்தின் செயலும் ஒன்று உண்டு. பசிபிக் சமுத்திரத்துச் சமோவாத் தீவுகளின் கதை இதனைத் தெளிவுபடுத்தும்.

சமோவா மக்கள் இனத்தாலும் மொழியாலும் உணவாலும் ஒன்றானவர், செல்வராகவும் இருந்தவரல்லர். 1918இல் மேற்குச் சமோவா நியூசிலாந்தின் இராணுவ ஆட்சியிலும், கிழக்குப் பகுதி அமெரிக்கக் கடற்படையின் ஆட்சியிலும் இருந்தன. நவெம்பர் 7ஆந் தேதி ‘தலூனே’ என்னும் கப்பல் ஓக்லாந்திலிருந்து நோயாளிகளோடு ஆப்பியாத் துறைமுகத்தை அடைந்தது. தடையின்றி ஆட்கள் இறங்க விடப்பட்டனர். சில வாரங்களுள் ஏறக்குறைய 8,500 பேர், அதாவது மக்களுள் நூற்றுக்கு 22 பேர், மடிந்தனர். அயலிலே அமெரிக்கச் சமோவாவின் ஆளுநர் யோன் போயர், வந்த கப்பல்களைத் தடுத்து வைத்தார். தீவின் மக்களே கரைகளைக் காவல் செய்தனர். அங்கே இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. போயர் வைத்திய உதவி அளிக்க முன்வந்தபோதும் மேற்குச் சமோவாவின் நிருவாகி கேணல் லோகன் அதனை ஏற்கவில்லை. எண்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 2002இல், நியூசிலாந்துப் பிரதமர் எலன் கிளாக் அம்மையார் சமோவா மக்களிடம் மன்னிப்புக் கோரினார்.

இறந்தோர் மன்னிப்பை ஏற்கவும் மறுக்கவும் வாரார். ஆயினும் அம்மன்னிப்பு ஓர் உண்மையை உலகுக்கு ஒப்புக்கொண்டது: ஆளப்படுவோரின் உயிருக்கு ஆள்வோர் பொறுப்புச் சொல்லவேண்டாத நாட்டிலே, கிருமிக்குக் கதவு திறந்தே கிடக்கும். மேற்குச் சமோவா மக்களுக்கு வாக்குரிமை இல்லை; நாகபுரிக் குடியானவனுக்கும் இல்லை. வறுமை என்று நாம் சொல்லும்போது பணமின்மையோடு இக்குரலின்மையையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

நம் காலத்துச் சான்று

நூறு ஆண்டுகள் கடந்து, 2020ஆம் ஆண்டிற் கொறோனாத் தொற்று உலகைச் சூழ்ந்தபோது இந்தப் பாடம் மீண்டும் எழுதப்பட்டது. தொடக்கத்தில் அது தலைகீழாகத் தோன்றிற்று. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆபிரிக்காவின் வறிய நாடுகளிற் சிறு தொகையே பதிவாயிற்று. செல்வர்க்கே இந்நோய் என்று சொன்னாரும் உளர்.

இம்மயக்கத்துக்குக் காரணம் இரண்டு. முதலாவது, வயது. கொறோனா முதியோரையே பெரிதும் கொன்றது; செல்வ நாடுகளில் முதியோர் தொகை மிகுதி, வறிய நாடுகளில் இளையோர் தொகை மிகுதி. ஒத்த வயதினரை ஒத்த வயதினரோடு நிறுத்திப் பார்த்த ஆய்வாளர், தொற்றுக்குள்ளானவன் இறக்கும் வாய்ப்பு வளர்முக நாடுகளில் ஏறக்குறைய இருமடங்கு என்று 2022இல் அறிவித்தனர். இரண்டாவது, கணக்கு. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் உலக நாடுகள் பதிவு செய்த கொறோனா மரணங்கள் 54 இலட்சம். ஆனால் அவ்வாண்டுகளில் வழக்கத்தை விட மிகுதியாய் இறந்தோர் 1 கோடி 49 இலட்சம் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவருள் 47 இலட்சம் பேர் இந்தியாவில் என்று அது கூறிற்று. இந்திய அரசு அம்மதிப்பீட்டை ஏற்க மறுத்தது. அவ்வழக்கில் யார் சொல் சரியாயினும் ஒன்று தெளிவு. வறியவன் வாழ்வில் மாத்திரமன்றிச் சாவிலும் எண்ணப்படாதவன்.

தென்னமெரிக்காவின் பெரு நாடு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. அது கடைநிலை வறிய நாடன்று. பல ஆண்டுகளாக வருமானம் வளர்ந்துவந்த நாடு. நாட்டை அடைக்கும் சட்டத்தையும் விரைந்தே கொண்டுவந்தது. எனினும், சனத்தொகைக்கு ஒப்ப நோக்குமிடத்து, உலகிலேயே மிக உயர்ந்த கொறோனா மரண வீதத்தைப் பதிவு செய்த நாடு அதுவே: ஆயிரவருக்கு ஆறு பேருக்கு மேல். தொழிலாளருட் பெரும்பாலோர் நிலையான வேலையற்றவர். அன்றன்று உழைத்து அன்றன்று உண்பவர். வீட்டிலிரு என்ற கட்டளை அவர்க்குப் பட்டினி கிட என்ற கட்டளையாயிற்று. குளிர்பெட்டி இல்லாத வீட்டார் அடிக்கடி சந்தைக்குப் போயினர். சந்தையிலே தொற்று நின்றது. ஆஸ்பத்திரிகளிற் கட்டில் போதவில்லை. ஒட்சிசன் உருளைக்காக மக்கள் இரவு பகலாய் வரிசையில் நின்றனர். வருமானம் வளர்ந்தது, அவ்வருமானம் ஆஸ்பத்திரியாகவும் வீடாகவும் மாறவில்லை.

தடுப்பூசியின் கதையும் அத்தகையதே. 1918இல் இல்லாத மருந்து இம்முறை ஓராண்டுக்குள் வந்தது. செல்வ நாடுகள் முன்பணம் கொடுத்துத் தம் தேவைக்கு மேலும் வாங்கிக்கொண்டன. 2021ஆம் ஆண்டு முடிவில் அந்நாடுகளிற் பலர் மூன்றாம் ஊசியும் பெற்றனர்; கடைநிலை வருமான நாடுகளிலோ ஓர் ஊசியேனும் பெற்றவர் நூற்றுக்குப் பத்துப் பேரும் இலர். மருந்து இல்லாதபோது வறுமை கொன்றது. மருந்து வந்தபின்பும் வறுமையே கொன்றது.

நம் நாட்டின் நிலை

இலங்கையும் 1918இல் தப்பவில்லை, பல்லாயிரவரை இழந்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மழையின்மையும் பசியும் உடன்வர எழுந்த மலேரியா ஏறக்குறைய 80,000 பேரைக் கொண்டுபோயிற்று. 1935இல் நம் நாட்டிற் பிறந்த ஆயிரங் குழந்தைகளுள் 263 குழந்தைகள் முதலாண்டு நிறையுமுன் இறந்தன. இந்த எண்ணைப் படிப்போர் ஒருகணம் நின்று படிக்கவேண்டும். நாலில் ஒன்றுக்கு மேல்.

ஆனால் 1947இல் அத்தொகை 101 ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளில் நாடு செல்வ நாடாகிவிடவில்லை. 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குக் கேட்டு வந்தவரிடம் கிராமத்தார் ஆஸ்பத்திரி கேட்டனர். மருத்துவச்சிகளும் சுகாதாரப் பரிசோதகரும் ஊர்தோறும் சென்றனர்; இலவசக் கல்வி வந்தது; மலேரியா அடக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு இலங்கையை மலேரியா நீங்கிய நாடென்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. வறிய நாடாயிருந்தும், உள்ள சிறிதைப் பங்கிட்டுக் கொள்வதால் உயிர் காக்கலாம் என்பதற்கு நம் நாடே சான்று.

அச்சான்று நிலையானதென்று இருந்துவிடுதல் பேதைமை. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது நம் ஆஸ்பத்திரிகளில் மருந்துகள் தட்டுப்பட்டன, சத்திரசிகிச்சைகள் பின்போடப்பட்டன, வைத்தியர் பலர் நாட்டை நீங்கினர். எண்பது ஆண்டுகளாகக் கட்டிய வீட்டின் கூரை எத்துணை விரைவில் ஒழுகத் தொடங்கும் என்பதை அவ்வாண்டு நமக்குக் காட்டியது.

இளைஞர் செய்யத்தக்கவை

அடுத்த கொள்ளைநோய் எந்த ஆண்டில் வரும் என்று எவரும் அறியார். ஆனால் அது வரும்போது யார் வீட்டுக் கதவை முதலில் உடைக்கும் என்பதை இன்றே கூறலாம். எந்த வீட்டில் ஓர் அறையில் எழுவர் உறங்குகின்றனரோ, எந்தத் தாய் கடைசியில் உண்கின்றாளோ, எந்தக் கூலியாள் ஒருநாள் நின்றால் ஒருநாட் பட்டினியோ, அந்த வீடு. ஆகவே நோய்த்தடுப்பு என்பது நோய் வந்தபின் தொடங்கும் வேலையன்று.

நம்போன்ற சங்கங்களால் ஆஸ்பத்திரி கட்ட இயலாது. ஆயினும் வள்ளுவர் கூறிய நான்காம் கூறு நம் கையிலுள்ளது. நோயாளிக்குப் பணிசெய்யும் முறையை நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் பயிலலாம். தனித்து வாழும் முதியோர், வருவாயற்ற குடும்பங்கள் எவையெவை என்று ஊரின் கணக்கொன்றை இப்போதே எழுதி வைக்கலாம். நம் ஊர்க் கிணறுகளும் குடியிருப்புகளும் எல்லார்க்கும் ஒப்ப உள்ளனவா என்று அஞ்சாது கேட்கலாம். பம்பாய் நகரத்து 61.6 என்னும் எண் பம்பாய்க்கு மட்டும் உரியதன்று என்பதை நம் பெரியோர் நன்கறிவர். அதனை இளையோராகிய நாம் மறைக்கத் தேவையில்லை. இலவச மருத்துவத்தைக் காக்கும்படி, நம்மிடம் வாக்குக் கேட்டு வருவோரைப் பொறுப்புச் சொல்லவும் வைக்கலாம்.

இயற்கை கிருமியை அனுப்புகின்றது. அது எத்தனை உயிரைக் கொண்டுபோகும் என்பதில் பெரும்பகுதியை நாமே, அது வருவதற்கு நெடுநாள் முன்னரே, எழுதி வைத்துவிடுகின்றோம். எழுதிய கையாலேயே திருத்தியும் எழுதலாம். அதற்கு நோயில்லாத இந்நாட்களே தக்க காலம்.